ஒரு நாளின் தகடு

2012 ஜூலையில் கிரீன்லாந்து உருகிக்கொண்டிருந்த நாட்களில், அதன் உட்பகுதி உயர்ந்துவிட்டதாக ஒரு செயற்கைக்கோள் சொன்னது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கிரையோசாட்-2 அது. அதன் ரேடார் உயரமானி தந்த கணக்குப்படி, தீவின் வடமேற்கு உட்பகுதியில் பனிப்பரப்பு 56 சென்டிமீட்டர் மேலே ஏறியிருந்தது. 26 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. புதிதாக அவ்வளவு பனி விழுந்ததால் வந்த உயரமல்ல அது. அதுவரை அந்த ரேடாரின் அலை உலர்ந்த பனிக்குள் கொஞ்சம் இறங்கி, உள்ளேயிருந்துதான் திரும்பி வந்துகொண்டிருந்தது. மேற்பரப்பு உருகி, அந்த நீர் மறுபடி உறைந்து பனிக்கட்டித் தகடாக இறுகியதும், அலைக்கு உள்ளே இறங்க வழி அடைபட்டது. தகட்டில் பட்டு உடனே திரும்பியது. சீக்கிரம் திரும்பிய அலையை வைத்துக் கருவி போட்ட கணக்கில் தரை உயர்ந்துவிட்டது. நீம் என்னும் துளையிடும் முகாமில் வெட்டிப் பார்த்த பனிக்குழிகளோடு ஒப்பிட்டு, 2015இல் வெளியான ஆய்வுக்கட்டுரை ஒன்று இதைத் தெளிவாக விளக்குகிறது. விளக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த 56 என்னை விட்டுப் போகவில்லை. பிழை என்று தெரிந்த எண்ணைத் திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அப்படித்தான் செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். எனக்கு உறுத்துவது, அந்தப் பிழைக்குள் உண்மையாகவே நடந்த ஒரு நாள் இருக்கிறது என்பது. உருகக் கூடாத இடத்தில் பனி உருகிய நாள். உயரத்தைச் சரியாகச் சொல்ல அந்த 56ஐக் கழிக்கும்போது, அந்த நாளையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோமோ என்ற சந்தேகம் தீராமலே இருக்கிறது.

நாவலூரில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிப்பது ஒட்டாத காரியமாகத் தோன்றலாம். பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள், மேற்கே தாழம்பூர், கிழக்கே கழியும் அதற்கப்பால் கடலும். வருடத்தில் பத்து மாதம் வியர்வை. ஆனால் பனி இந்த ஊருக்கு நாம் நினைக்கும் அளவுக்குத் தொலைவில் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் விடாமல் மழை பிடிக்கும்போது, தலைக்கு மேல் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் இருப்பவை பனிப்பரல்கள்தான். இறங்கி வரும் வழியில் அவை உருகி மழையாகின்றன. இங்கிருந்து கோவளம் கடற்கரை அதைவிடத் தூரம். சென்னைத் துறைமுகத்தின் டாப்ளர் ரேடாரும், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2022 முதல் இயங்கும் எக்ஸ் பட்டை ரேடாரும் மழையை அளக்கும்போது இந்த உருகும் உயரத்தில்தான் இடறுகின்றன. பனிப்பரலின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஏறியதும் ரேடாருக்கு அது பெரிய மழைத்துளியாகத் தெரியத் தொடங்குகிறது. சில நூறு மீட்டர் தடிமனே உள்ள அந்த அடுக்கு மட்டும் திரையில் பளிச்சென்று நிற்கிறது. அதை அப்படியே நம்பினால், தரையில் விழுவதைவிட மிக அதிகமான மழை என்று கணக்கு வரும். வானிலைத் துறையினர் இதை அறிவார்கள்; அந்தப் பளிச்சிடலை அடையாளம் கண்டு ஒதுக்குவதற்கு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒதுக்காவிட்டால் வெள்ள எச்சரிக்கையே தப்பாகிவிடும். ஆனால் மேகத்துக்குள் பனி எந்த உயரத்தில் உருகியது, காற்று அங்கே எவ்வளவு வெப்பமாக இருந்தது என்பதையெல்லாம் சொல்வதும் அதே பளிச்சிடல்தான். மழையை அளக்கப் போனவருக்கு அது தொல்லை. மேகத்தைத் தெரிந்துகொள்ளப் போனவருக்கு அதுதான் செய்தி.

தரையில் கிடக்கும் பனியின் ஆழத்தை விண்ணிலிருந்து அளக்க ரேடார்கூட வேண்டாம். பூமி தானாகவே நுண்ணலையை மெலிதாக உமிழ்ந்துகொண்டிருக்கிறது. மண், பாறை, மரம், நம் உடம்பு எல்லாமே உமிழ்கின்றன. பனி மூடிய நிலத்தில், கீழேயுள்ள மண்ணிலிருந்து கிளம்பும் அலை பனியைக் கடந்துதான் மேலே வரவேண்டும். வழியில் பனிப்பரல்கள் அதை நாலாபுறமும் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கூடும். 19 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பரல்களை அது பெரிதாகப் பொருட்படுத்தாமல் வந்துவிடும். 37 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மில்லிமீட்டர்தான். அது நன்றாக அடிபட்டு, மங்கி வரும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆழம் பனி. நாசாவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் சாங்கும் அவருடைய கூட்டாளிகளும் 1987இல் இதை ஒரே வரிக் கணக்காக்கினார்கள். 18 கிகாஹெர்ட்ஸிலும் 37 கிகாஹெர்ட்ஸிலும் கிடைத்தளத்தில் அதிரும் அலையில் தெரியும் வெப்பநிலைகளைக் கெல்வினில் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, 1.59ஆல் பெருக்கினால் பனியின் ஆழம் சென்டிமீட்டரில் கிடைத்துவிடும். எல்லாப் பரலும் 0.3 மில்லிமீட்டர் ஆரம் என்றும், பனியின் அடர்த்தி எங்கும் ஒன்றே என்றும் வைத்துக்கொண்ட கணக்கு. நான் இதை முதலில் படித்தபோது அதன் எளிமையில் மயங்கித்தான் போனேன். மனிதர் கால்படாத சைபீரியச் சமவெளியின் பனியை ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும் சொல்லிவிடுகின்றன என்பது சின்ன விஷயமல்ல. அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் பலவிதமாகச் செப்பனிட்டிருக்கிறார்கள், ஆனால் அடிப்படை எண்ணம் இன்றும் அதுவே. அந்த எண்ணம் எதை எதிர்பார்க்கவில்லை என்பதைத்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். குளிர்காலம் முழுக்கக் குளிராகவே இருக்கும் என்று அது நம்பியது. நடுவில் ஒரு நாள் வெயில் ஏறிவிட்டால், அல்லது பனியின் மேல் மழை பெய்துவிட்டால்?

பெய்தால், மேலே உருகிய நீரும் மழைநீரும் பனிக்குள் ஊறி இறங்கும். உள்ளே குளிர்ந்த அடுக்கு ஒன்றைத் தொட்டதும் அங்கேயே பரவி உறையும். மேலேயே உறைந்தால் ஓடு மாதிரி ஒரு பொருக்கு. அதன்மேல் அடுத்தடுத்துப் புதுப்பனி விழுந்து மூடிவிடும்; கண்ணுக்குத் தெரியாது, நுண்ணலைக்குத் தெரியும். காரணம், பனியில் பெரும்பகுதி காற்றுதான். மின்புலத்துக்கு அது இடம் கொடுக்கும் அளவு, மின்கடத்தாப் பொருள் மாறிலி என்று பள்ளியில் படித்தோமே அது, உலர்ந்த பனிக்கு ஏறக்குறைய 1.5, கெட்டியான பனிக்கட்டிக்கு 3.2. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலை தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பங்கு திரும்பிவிடும். எந்தப் பங்கு என்பது அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நாவலூரிலேயே பார்க்கலாம். மழை விட்ட பிற்பகலில், அணுகுசாலையோரம் தேங்கிய தண்ணீரைச் சுமார் ஏழடி தள்ளி நின்று, தளவிளைவுக் கண்ணாடி போட்ட கூலிங்கிளாஸ் வழியாகப் பாருங்கள். தண்ணீரின் மேல் மின்னும் வானமும் எதிர்க்கட்டடமும் அப்படியே மறைந்து, அடியில் கிடக்கும் ஜல்லியும் பான்பராக் உறையும் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் தொண்ணூறு பாகை திருப்பிப் பிடியுங்கள். மினுக்கம் திரும்ப வந்து ஜல்லி காணாமல் போகும். அந்தக் கோணத்தில், நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் ஏறக்குறைய எல்லாமே கிடைத்தளத்தில் அதிர்வது. புரூஸ்டர் கோணம் என்று பாடப்புத்தகம் சொல்லும், நீருக்கு 53 பாகை. பனியை அளக்கும் செயற்கைக்கோள்களும் தரையை 53, 55 பாகையில்தான் சாய்ந்து பார்க்கின்றன. மண்ணிலிருந்து மேலேறும் அலையில் செங்குத்தாக அதிரும் பங்கு பனிக்கட்டித் தகட்டைச் சேதாரமில்லாமல் கடந்துவிடுகிறது. கிடையாக அதிரும் பங்கில் கணிசமானது தகட்டில் முட்டி மண்ணுக்கே திரும்புகிறது. ஆகவே கிடைத்தளத்தில் பூமி சட்டென்று குளிர்ந்தது போலத் தெரிகிறது; செங்குத்தில் அவ்வளவு மாற்றமில்லை. இரண்டுக்கும் இடையே விரியும் இடைவெளிதான் தகடு விட்டுச்சென்ற தடம். சாங் கணக்கு எடுத்துக்கொண்டதோ கிடைத்தளத்தை.

தகட்டின் தடிமனைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஏதோ தடுமாறுகிறது. மெல்லிய தகட்டின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடும். சோப்புக் குமிழியில் நிறம் தோன்றுவதும் இதே குறுக்கீட்டால்தான். பனிக்கட்டிக்குள் அலையின் நீளம் சுருங்கிவிடும், 19 கிகாஹெர்ட்ஸ் அலை அங்கே 9 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சாய்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கான தகடு 19 கிகாஹெர்ட்ஸ் அலையை அதிகபட்சமாகத் திருப்பி அனுப்புகிறது. அதே தகடு 37 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இல்லவே இல்லாதது போல் வழிவிடுகிறது. விளைவு, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கி, பனி குறைவாக இருப்பதாகக் கணக்கு வரும். தடிமன் அதில் பாதியாக இருந்தால் கதை தலைகீழ்: 37தான் அதிகம் அடிபடும், வித்தியாசம் விரியும், பனி கூடுதலாகத் தெரியும். ஒரு மீட்டர் பனிக்குள் ஒரு மில்லிமீட்டர் கூடுவதா குறைவதா என்பது, மொத்தத்தையும் ஏற்றவோ இறக்கவோ போதுமானதாகிவிடுகிறது. உண்மையான பனிவெளியில் தகடு இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் கிழிந்து, ஓரிடத்தில் இரண்டாகப் பிளந்து கிடக்கும். ஜப்பானின் ஏஎம்எஸ்ஆர்-2 கருவி 19 கிகாஹெர்ட்ஸில் ஒரே புள்ளியாகப் பார்க்கும் நிலம் 14 கிலோமீட்டர் அகலம், 22 கிலோமீட்டர் நீளம். நாவலூரை நடுவில் வைத்தால் வடக்கே சோழிங்கநல்லூர், தெற்கே கேளம்பாக்கம், முட்டுக்காட்டுக் கழி, சிறுசேரி, கொஞ்சம் கடல், எல்லாமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அவ்வளவு பெரிய புள்ளிக்குள் தகட்டின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன்செய்து, கிடைத்தளத்தில் பொதுவான ஒரு மங்கலாக மட்டும் மிஞ்சும். இந்தச் சமன்செய்தல் கணக்கைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் சோழிங்கநல்லூரில் ஓடு போல் இறுகிய பனியும் கோவளத்தில் பொடியாகக் கிடக்கும் பனியும் ஒரே எண்ணாகிவிட்ட பிறகு, அந்த எண் எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறது?

கிரீன்லாந்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்த உருகலை முதலில் கவனித்த கண் இங்கிருந்து போனது. ஓசன்சாட்-2, 2009 செப்டம்பர் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி14இல் ஏறியது. அதிலிருந்த கேயு பட்டைச் சிதறல்மானியின் வேலை கடற்காற்றை அளப்பது. காற்று கடலின் மேல் எழுப்பும் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து வேகமும் திசையும் சொல்வது. அது இயங்கிக்கொண்டிருந்த ஆண்டில்தான், 2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயல் இந்த மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதற்கு மூன்றரை மாதம் முன்பு, அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் சோன் நியெம் அந்தக் கருவியின் தரவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜூலை 12 அன்று கிரீன்லாந்து ஏறக்குறைய முழுவதும் உருகியதாகத் தெரிந்தது. ஈரப்பனி நுண்ணலையை உறிஞ்சிக்கொள்ளும், திரும்பி வருவது சடாரென்று விழுந்துவிடும். அந்த வீழ்ச்சி தீவு முழுக்க இருந்தது. அவர் முதலில் தரவைத்தான் சந்தேகித்தார், கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். பிறகு வேறு செயற்கைக்கோள்களின் வெப்பப் படங்களிலும் நுண்ணலைப் பதிவுகளிலும் தேடி, மற்ற ஆய்வாளர்களும் உறுதிசெய்தார்கள். ஜூலை 8 அன்று 40 விழுக்காடாக இருந்த உருகும் பரப்பு, நான்கே நாட்களில் 97 விழுக்காடாகியிருந்தது. தீவின் உச்சியில் அதற்கு முன் இப்படி நடந்தது 1889இல். அந்த ஆண்டு எந்தச் செயற்கைக்கோளும் இல்லை, அங்கே மனிதரும் இல்லை. துளையிட்டு எடுத்த பனித்தூணில் உறைந்துபோன மெல்லிய அடுக்கு ஒன்றுதான் சாட்சி. இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிடுகிறேன். நூறாண்டுக்கு மேல் புதைந்து கிடந்தாலும் 1889இன் அந்த வெப்பமான நாளைத் தகடு தொலைக்கவில்லை. 2012இன் தகட்டை மட்டும் நாம் உயரக் கணக்கின் பிழையாகப் பதிவுசெய்தோம். நியெம் தன் கருவியைச் சந்தேகித்ததை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சந்தேகத்தை மதிக்கிறேன். அவர் அதோடு நிறுத்திக்கொண்டு அந்த நாளின் தரவைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கவலை. அப்படி ஒதுக்குவதற்கு எல்லா நியாயமும் இருந்தது.

தாழம்பூர்ப் பக்கம் செம்மண் நிலத்தில் முன்பு கேழ்வரகும் மல்லாட்டையும் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரோடு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு மழைக்குப் போனது. “வெதச்சி ரெண்டு நாள்ல மழ அடிச்சி, மறுநா சுள்ளுனு வெயில் காஞ்சிதுன்னா பொருக்கு கட்டிக்கும் தம்பி. கீழ ஈரம் இருக்கும், வெத உசுரோடதான் இருக்கும். மொள மேல வர முடியாது” என்றார். “அப்ப என்ன பண்ணுவீங்க ஐயா?” என்று கேட்டேன். “களக்கொத்தால லேசா கீறி உடணும். இல்லாங்காட்டி இன்னொரு தூத்தல் வரணும். மழ எத்தினி சென்டின்னு பேப்பர்ல போடுவான், பொருக்கு கட்டிச்சா இல்லியான்னு எவன் போடுவான்?” என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனார். வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் கதையை அவர் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். 2003 அக்டோபரில் கனடாவின் பேங்க்ஸ் தீவில் பனியின் மேல் மழை பெய்து உறைந்தது. கஸ்தூரி எருதுகள் பனியைக் குளம்பால் கிளறி அடியிலுள்ள தாவரத்தைத் தின்று குளிர்காலத்தைக் கழிப்பவை. தகட்டை உடைக்க முடியாமல் ஏறக்குறைய 20,000 எருதுகள் செத்தன. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் அதேபோல் மழை பெய்து இறுகியது. நெனெத்ஸ் மேய்ப்பர்களின் கலைமான்களில் 61,000 பட்டினியால் மடிந்தன. பனி ஆழமாக இருந்ததால் வந்த சாவு அல்ல இது. பனி கொஞ்சமாகவே இருந்திருந்தாலும் அந்தத் தகடு போதும். ஆழத்தைப் பிசகில்லாமல் சொல்லும் கணக்கு ஒன்று அன்று இருந்திருந்தாலும் அந்த மேய்ப்பர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி, குளம்பு இறங்குமா இறங்காதா என்பது. அந்தக் கேள்விக்கான விடை, கிடைத்தளத்துக்கும் செங்குத்துக்கும் நடுவே விரிந்த அந்த இடைவெளியில் இருந்தது. ஆழம் சரியாக வரவேண்டும் என்பதற்காகச் சமன்செய்யப்படும் அதே இடைவெளியில்.

பனி நமக்குச் சம்பந்தமில்லாதது என்று தமிழ்நாட்டில் யாரும் சொல்லிவிட முடியாது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்துச் சோனம் நிலையில் பனிச்சரிவு புதைத்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள். கான்கிரீட் போல் இறுகிய நீலப் பனிக்கட்டியை வெட்டி, மோப்ப நாய்களையும் பனியை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவிகளையும் வைத்துத் தேடினார்கள். ஆறாம் நாள், இருபத்தைந்து அடி ஆழத்திலிருந்து ஒருவரை உயிரோடு மீட்டார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார். அந்தச் செய்திகள் வந்த வாரத்தில் இங்கே டீக்கடையில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். எனக்கு அப்போது நுண்ணலை பற்றி எதுவும் தெரியாது, எவ்வளவு ஆழம் எவ்வளவு ஆழம் என்றே நானும் எல்லோரோடும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மணாலியில் 1969 முதல் பனிச்சரிவை ஆராய்ந்து வந்த பாதுகாப்புத் துறை ஆய்வகத்தாரும், உலகெங்கும் இந்த வேலை செய்பவர்களும், குழி வெட்டி அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்ப்பதன் காரணம் பின்னால்தான் புரிந்தது. சரிவு மொத்தப் பனியின் எடையால் மட்டும் வருவதில்லை. ஏதோ ஒரு பழைய நாளில் உருகி இறுகிய வழுக்குப் பரப்பும் அதன்மேல் ஒட்டாமல் உட்கார்ந்த புதுப்பனியும் சேரும்போது பல சரிவுகள் கிளம்புகின்றன. அதை மேலேயிருந்து பார்ப்பவர் ஒரு மீட்டர் பனி என்பார். குழிக்குள் இறங்கியவர் எந்த விரற்கடையில் அபாயம் இருக்கிறது என்று காட்டுவார்.

இப்போது நைசார் செயற்கைக்கோள் வந்திருக்கிறது. 2025 ஜூலை 30 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16 அதைச் சுமந்துகொண்டு கிளம்பியது. நாசாவின் எல் பட்டை ரேடார், இஸ்ரோவின் எஸ் பட்டை ரேடார், இரண்டுக்கும் பொதுவாக 12 மீட்டர் அகல வலைக்கிண்ணம். 12 நாளைக்கு ஒருமுறை அதே நிலத்துக்கு மேல் வந்து நிற்கும். இமயமலைப் பனிக்கு இது பெரிய வரவு. எல் பட்டையின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். உலர்ந்த பனியை அது அநாயாசமாகக் கடந்துபோகும். கடக்கும்போது பனியால் ஏற்படும் சிறு தாமதத்தை அளந்து, பனிக்குள் எவ்வளவு தண்ணீர் அடங்கியிருக்கிறது என்று சொல்லும் முயற்சிகள் நடக்கின்றன. இரண்டரை மில்லிமீட்டர் தகட்டை 24 சென்டிமீட்டர் அலை அநேகமாகக் கண்டுகொள்ளாது. ஆழத்தையும் நீரையும் கேட்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. தொல்லை தானாகவே ஒழிந்தது. சிந்துவிலும் சட்லெஜிலும் கோடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை நம்பிக் கோடிக்கணக்கான பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த எண் பிசகாமல் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. ஆயினும் இங்கேதான் என் பழைய உறுத்தல் வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. சின்ன அலை தகட்டைப் பார்த்துத் தடுமாறியது. தடுமாறியதால் நமக்குத் தகடு தெரிந்தது. பெரிய அலை தடுமாறாது. நாளைக்கு எல்லாரும் தடுமாறாத கருவியை மட்டும் நம்பத் தொடங்கிவிட்டால், பனியின் மேல் மழை பெய்த நாட்களை எங்கே போய்த் தேடுவது? அந்த நாட்கள் கூடிக்கொண்டு வரும் காலம் இது. 2021 ஆகஸ்ட் 14 அன்று, 3,200 மீட்டருக்கு மேல் உள்ள கிரீன்லாந்தின் உச்சி முகாமில் மழை பெய்தது. அங்கே மழை பெய்ததாக அதற்கு முன் பதிவே இல்லை. நான் கொஞ்சம் மிகையாகப் பயப்படுகிறேனோ என்றும் தோன்றுகிறது. கருவிகள் ஒன்றை ஒன்று விரட்டிவிடுவதில்லை. ஏஎம்எஸ்ஆர் வகைக் கருவிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு தரவு இருப்பது வேறு, அதைக் கேட்க ஆள் இருப்பது வேறு.

கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெம்பு தருகிறது. பேங்க்ஸ் தீவில் எருதுகள் செத்து ஐந்து வருடம் கழித்து, 2008இல், கிரென்ஃபெல், புட்கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய நுண்ணலைப் பதிவுகளை எடுத்துப் பிரித்து, 2003 அக்டோபரின் அந்த மழையை அதில் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பனி ஆழம் சொல்வதற்காகச் சேர்த்துவைத்த பதிவு அது. அதற்குள் வேறொன்றும் எழுதப்பட்டிருந்தது. நிம்பஸ்-7இன் கருவி 1978இல் தொடங்கிவைத்த இந்தப் பதிவுகள் இன்றுவரை தொடர்ந்து கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இமயமலையின் செங்குத்துச் சரிவுகளில் இருபது கிலோமீட்டர்ப் புள்ளியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு புள்ளிக்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் ஆறும் வந்துவிடும். ஆனால் கிழக்கு லடாக்கின் சாங்தாங் அப்படியல்ல. நாலாயிரம் மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் பீடபூமி, குளிர்காலத்திலும் திறந்தவெளியில் மேயும் பஷ்மினா ஆடுகள், அவற்றோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும் சாங்பா மேய்ப்பர்கள். ஆட்டின் குளம்பு கலைமானுடையதைவிடச் சிறியது, இன்னும் எளிதில் தோற்றுப்போகும். எந்தெந்தக் குளிர்காலத்தில் ஆடுகளால் பனியைக் கிளற முடியவில்லை என்பது அங்குள்ள வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு, அந்தந்தக் குளிர்காலத்தின் 19, 37 கிகாஹெர்ட்ஸ் பதிவுகளில் கிடைத்தளமும் செங்குத்தும் எந்த நாளில் சட்டென்று பிரிந்தன என்று பார்க்க வேண்டும். லடாக்கி பேசத் தெரிந்த ஒருவரும், தரவைப் பிரிக்கத் தெரிந்த ஓரிருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். அப்படிப் பிரிக்கத் தெரிந்தவர்கள் சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.